மானம் வாங்கும் வரி

சாங்கி என்ற பெயரைக் கேட்டவுடன் தோட்டத்துத் தமிழர் நெஞ்சில் இரண்டு காட்சிகள் எழும். ஒன்று 1936-இல் எழுந்த சிறைச்சாலை. மற்றொன்று 1981-இல் திறக்கப்பட்ட விமான நிலையம். ஒன்று மனிதனை உள்ளே வைத்துப் பூட்டுவது. மற்றொன்று வெளியே அனுப்பி வைப்பது. இவ்விரண்டையும் விட எளியதாகக் கடலோரத்தில் ஒரு படகுத்துறை உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். ஜொகூர்க் கரையிலுள்ள பெங்கெராங்கிலிருந்து அந்தத் துறையில் வந்திறங்கி, 2025-ஆம் ஆண்டில் ஒரு நாள், சிற்றப்பா மகனான என் தமையன் ஒருவரைக் காணச் சென்றேன்.

அவர் அப்போது தம் வீட்டில் இல்லை. வீடு சாங்கியில் இருந்தது. அவர் தெம்பனிஸில் தம் தங்கை வீட்டில் இருந்தார். வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "அக்கம்பக்கத்தார் முகத்தில் எப்படி விழிப்பது?" என்றார். நாங்கள் இருவரும் மாலை மங்கிய பிறகு, திருடர்களைப் போல, அந்த வீட்டுக்குள் போனோம். மேசையறை நிறையக் கடிதங்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த தோட்டத்துக் கிராணி என்பதனால் அவற்றைப் பிரித்துப் படிக்கும் வேலை எனக்கு வாய்த்தது. அவற்றில் பெரும்பாலானவை உறை கிழிக்கப்படாமலேயே கிடந்தன. வங்கியின் கடிதம், வக்கீலின் கடிதம், சொத்துவரிச் சீட்டு, வழக்குமன்ற ஓலை ஆகிய எல்லாம் ஒரே குவியலாய்க் கிடந்தன.

தம்முடைய சிறு கம்பெனியின் கடனுக்குத் தாமே பிணை நின்றவர் அவர். கம்பெனி கவிழ்ந்தது, பிணை அவரைப் பிடித்துக் கொண்டது. நான் படித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்தவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, என்னைச் சாங்கிக்குள் போட்டுவிடுவார்களா?"

"இல்லை, அண்ணே. கடனைத் தீர்க்க முடியாமல் திவாலானதற்காக யாரையும் சிறையில் வைப்பதில்லை. சொத்தை மறைத்தால் குற்றம். பொய்க் கணக்குக் கொடுத்தால் குற்றம். திவாலான பின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனால் குற்றம். அவ்வளவுதான்."

ஆக, சாங்கிச் சிறை அவருக்காகத் திறக்கப் போவதில்லை. சாங்கி விமான நிலையந்தான், அபிஷியல் அசைனி என்னும் சொத்துப் பொறுப்பாளர் அனுமதி கொடுக்கும் வரை, அவருக்குத் திறக்காது. நான் ஏறி வந்த படகும் அப்படியே. இந்த எளிய உண்மையைத் தெரிந்து கொள்ளாமல் ஒரு மனிதர் பல மாதங்கள் இரவில் கண்ணுறங்காமல் இருந்திருக்கிறார். தெரிவிக்க வேண்டிய கடிதமோ அவர் மேசையறையிலேயே கிடந்தது!

நண்பர்களே! அவர் வீடு இப்போது போய்விட்டது. அது போகத்தான் வேண்டியிருந்தது. வாங்கிய கடன் அத்தகையது. அதைப் பற்றி யான் புலம்ப வரவில்லை. வீட்டோடு போகவேண்டாத பணமும் சேர்ந்து போயிற்றே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பணத்தை வாங்கிக் கொண்டது வட்டிக்காரன் அல்லன். சர்க்காரும் அல்ல என்பேன். அதை வாங்கியது நம்மவர் மானம் என்று பெயரிட்டு வணங்கும் வீண் வெட்கம். திவாலில் வீட்டை இழப்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் வரி என்று ஒரு பத்தி உண்டு. வெட்கத்தினால் அந்தப் பத்தியைப் பார்க்க மறுப்பவன் இரண்டு முறை இழக்கிறான். இதுவே என் கட்சி. வெறும் சொல்லால் அன்றி, எண்ணால் இதை நிறுவுகிறேன்.

முதலாவது, வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுவது. கடன் முற்றியவுடன் நம்மவர் செய்யும் முதற்காரியம் இதுதான். சிங்கப்பூரில் சொத்துவரி இரண்டு விதமாக விதிக்கப்படுகிறது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம்; குடியிராத வீட்டுக்கு வேறொரு விகிதம். வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டு மதிப்பின் மேல் வரி போடுகிறார்கள். 2025 முதல், குடியிருக்கும் வீட்டுக்கு முதல் 12,000 வெள்ளி மதிப்புக்கு வரியே இல்லை. அடுத்த 28,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 4. குடியிராத வீட்டுக்கோ 2024 முதல் முதல் வெள்ளியிலிருந்தே நூற்றுக்கு 12. 30,000 வெள்ளிக்கு மேல் அதுவும் ஏறிக்கொண்டே போகும். ஆண்டு மதிப்பு 30,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். அவ்வப்போது தரப்படும் தள்ளுபடிகளைச் சேர்க்காமல் பார்த்தால், உரிமையாளர் குடியிருந்தால் வரி 720 வெள்ளி. அவர் வெட்கப்பட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டால் 3,600 வெள்ளி. சரியாக ஐந்து மடங்கு! அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்காமல் இருப்பதற்கு ஆண்டுக்கு 2,880 வெள்ளி கட்டணம். காலத்தில் கட்டாவிட்டால் நூற்றுக்கு 5 அபராதம். இந்த வரி, அந்த வீட்டையே பற்றி நிற்கும் பொறுப்பு. வீடு ஏலம் போகும்போது விற்ற பணத்திலிருந்து அது கழிக்கப்பட்டே தீரும். கழியக் கழிய, மீந்த கடன் அந்த ஏழையின் தலைமேல் அவ்வளவுக்கு அவ்வளவு கூடும்.

எனவே அறிவுடையான் செய்யத்தக்கது யாது? வீட்டைக் காலி செய்யும்படி சட்டப்படி சொல்லும் நாள் வரை அவ்வீட்டிலேயே குடியிருப்பது. அடுத்த வீட்டுக்காரர் ஏதேனும் கேட்டால், "வாணிபத்தில் நட்டம், வீட்டை விற்கப் போகிறார்கள்" என்று உள்ளதைச் சொல்வது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் கூசியதற்குத்தான் என் தமையன் விலை கொடுத்தார்.

இரண்டாவது, வீட்டைச் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றி எழுதுவது. "வழக்கு வருவதற்குள் தம்பி பெயருக்கு எழுதி வைத்துவிடு, வீடு குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்" என்று என் தமையனுக்கு உபதேசம் செய்த பெரியவர் ஒருவர் உண்டு. இந்த உபதேசம் ஊர்தோறும், தோட்டந்தோறும் நடக்கிறது. அடமானம் வாங்கிய வங்கி இதற்கு இணங்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இணங்கிற்று என்றே கொண்டு கணக்கைப் பாருங்கள்.

தனியார் அடுக்குமாடி வீடு ஒன்று. சந்தை மதிப்பு 10 லட்சம் வெள்ளி. 2023-இல் வாங்கியது, 2025-இல் மூன்றாம் ஆண்டு நடக்கிறது. தம்பி சிங்கப்பூர்க் குடிமகன். அவருக்கு முன்பே ஒரு வீடு இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு இந்த வீட்டை இனாமாகக் கொடுக்கிறார். இனாம் என்றாலும் முத்திரை வரி இனாம் ஆகாது. சந்தை மதிப்பின் மேல் அது கணக்கிடப்படும். வாங்குபவர் முத்திரை வரி 24,600 வெள்ளி. குடிமகன் பெறும் இரண்டாவது வீடு என்பதனால், 2023 ஏப்ரல் 27 முதல் உள்ள விகிதப்படி, கூடுதல் முத்திரை வரி நூற்றுக்கு 20. அதாவது 2,00,000 வெள்ளி. மூன்றாம் ஆண்டிலேயே கைமாற்றுவதனால் கொடுப்பவர் மீது விற்பவர் முத்திரை வரி நூற்றுக்கு 4. அதாவது 40,000 வெள்ளி. ஆக மொத்தம் 2,64,600 வெள்ளி!

இவ்வளவையும் கடன் வாங்கிக் கட்டினார்கள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். வீடு தப்பியதா? தப்பவில்லை. திவால் மனு தாக்கலாவதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல் சொத்தைக் கைமாற்றியிருந்தால், அந்த மாற்றத்தை வழக்குமன்றம் அழிக்கலாம். உடன்பிறந்தவருக்குக் கொடுத்ததானால், கொடுக்கும்போதே கடன் தீர்க்க வகையற்றவராய் இருந்தார் என்று சட்டம் முதலிலேயே கருதிக்கொள்ளும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் நம்முடையது. வீடும் போய், வரியும் போய், தம்பியும் வழக்கில் சிக்கி, அண்ணன் தம்பி உறவும் முறிந்து போகும். குடும்ப மானத்தைக் காப்பாற்றிய இலட்சணம் இது!

மூன்றாவது, யாருக்கும் தெரியாமல் அவசரமாக விற்பது. வாங்கிய சில ஆண்டுகளுக்குள் வீட்டை விற்பவர் மீது வரி போடும் முறை சிங்கப்பூரில் 2010-இல் வந்தது. 2025 ஜூலை 4 முதல் வாங்கப்படும் வீடுகளுக்கு இது இன்னும் கடுமையாக்கப்பட்டது. முதல் ஆண்டில் விற்றால் நூற்றுக்கு 16, இரண்டாம் ஆண்டில் 12, மூன்றாம் ஆண்டில் 8, நான்காம் ஆண்டில் 4. 10 லட்சம் வெள்ளி வீட்டை வாங்கிய முதல் ஆண்டிலேயே விற்பவன் 1,60,000 வெள்ளி கொடுக்க வேண்டும். கொள்ளை இலாபம் தேடி வீட்டை வாங்கி விற்பவனை அடக்கவே இந்த வரி. ஆகவே, உரிமையாளர் திவாலான காரணத்தால் வீடு விற்கப்பட நேர்ந்தால் இந்த வரி விலக்கப்படுகிறது. சட்டம் செய்தவனுக்கும் இலாபக்காரனுக்கும் ஏழைக்கும் வேற்றுமை தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை! திவால் என்ற சொல் தன் பெயருக்கு முன்னால் வந்துவிடக்கூடாது என்று அஞ்சி, இரவோடிரவாகக் குறைந்த விலைக்கு விற்று, விலக்குப் பெறத்தக்க வரியையும் கட்டிவிட்டு, அப்படியும் கடன் தீராமல் அடுத்த ஆண்டு திவாலாகிறவனை என்னவென்று சொல்வது?

எல்லாரும் திவாலாகுங்கள் என்று யான் சொல்லவில்லை. முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று வழிகளையும் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்கிறேன். நெல்லிக்காய் வாங்கும்போது பேரம் பேசுகிற நாம், வீட்டை இழக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

இனி, வீண் அச்சம் ஒன்றையும் விலக்க வேண்டும். "கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகையை வருமானமாக எண்ணி வரி போடுவார்களாமே" என்று என் தமையன் கேட்டார். யாரோ கைப்பேசியில் அனுப்பிய அமெரிக்கச் செய்தி அது. அமெரிக்காவில் அந்த விதி உண்மைதான். மன்னிக்கப்பட்ட கடன் வருமானமாகலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1931-இல் கெர்பி மரக் கம்பெனி வழக்கில் தீர்த்தது. ஆனால் திவால் வழக்கில் மன்னிக்கப்பட்ட கடனுக்கு அந்நாட்டுச் சட்டமே விலக்களிக்கிறது. 2007-இல் வீட்டுக்கடன் நெருக்கடியில் எண்ணற்றோர் வீடிழந்தபோது, திவாலாகாதவர்களையும் காப்பதற்கு ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள். அந்த ஊர்ப் பூச்சாண்டியை இந்த ஊரில் கண்டு நடுங்குவது பேதைமை. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரியே இல்லை. குடியிருந்த வீடு வாங்கிய விலைக்கு மேல் ஏலம் போனாலும் அந்த ஆதாயத்தின் மேல் வரியில்லை. ஆனால் ஒன்று: திவாலான நாளுக்கு முந்தைய வருமானவரிப் பாக்கி மற்றக் கடன்களோடு சேர்த்துக் கோரப்படும், அதற்குப் பின்பு ஈட்டும் சம்பளத்துக்குரிய வரியைத் திவாலானவரே ஆண்டுதோறும் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். இதை மறந்து, "எல்லாம் போயிற்று, இனி என்ன வரி" என்று இருந்துவிட்டால் பழைய குழியிலிருந்து புதிய குழிக்கு இறங்குவோம்.

சட்டம் நம்மை விழுங்கக் காத்திருக்கும் பூதம் அன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டில் இருப்பவர், உரிமையாளரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், திவாலானாலும் அந்த வீடு அபிஷியல் அசைனியின் கைக்குப் போவதில்லை. வீட்டுக்கடன் தவணையைத் தவறாமல் கட்டுமட்டும் அவர் அங்கே வாழலாம். மத்திய சேமநிதிப் பணத்தில் கடன்காரர் கைவைக்க முடியாது. 15,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காக ஒருவரைத் திவாலாக்க மனுச் செய்ய முடியாது. கடன் 1,50,000 வெள்ளிக்கு மேற்படாமல் நிலையான சம்பளமும் உள்ளவருக்குத் திவாலாகாமலே 5 ஆண்டுகளுக்குள் தவணையாகக் கட்டித் தீர்க்கும் திட்டமொன்று 2009 முதல் இருக்கிறது. இந்தியாவிலும் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமே, உழவன் தான் குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடன்காரன் ஜப்தி செய்யக்கூடாதென்று விதித்தது. பிற்பாடு கூலியாளுக்கும் வீட்டு வேலையாளுக்கும் அந்தக் காப்பு நீட்டப்பட்டது. கடன்பட்டவனுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட நீதி. அந்த நீதியைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எங்கிருந்து வந்தது?

வந்த வழி நமக்குத் தெரியும். கடன்பட்டவன் பாவி, கெட்டவன், முற்பிறப்பின் வினையை அனுபவிக்கிறவன் என்ற கொள்கையிலிருந்து வந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்று ஊரில் ஒருவனைச் சுட்டிக் காட்டினால் அவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அந்த ஏச்சைக் கப்பலேற்றி இங்கேயும் கொண்டு வந்தோம். ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? கடன் வாங்கியவன் மட்டுமா வீழ்ந்தான்? கொடுத்தவனும் வீழ்ந்திருக்கிறான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்திருந்தவர்களின் இனத்தாரே பர்மாவிலும் வட்டித் தொழில் செய்தார்கள். 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் தலையில் வந்து விழுந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே தாய்நாடு திரும்பினர். 1948-இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கும் சட்டம் வந்தது. சிக்கனத்துக்கும் கணக்குக்கும் பேர்போன அவர்களே இழந்தார்கள் என்றால், இழப்பு ஒழுக்கக்கேட்டின் அடையாளம் ஆகுமா? விலை சரிந்தால் இராசாவும் இழப்பான், கூலியும் இழப்பான். இதில் பாவம் ஏது, புண்ணியம் ஏது?

ஆனால் நம்மவர் போவது எங்கே? சோதிடனிடம். ஏழரைச் சனி பிடித்திருக்கிறது என்று அவன் சொல்கிறான். பிடித்தது சனி அன்று, வட்டி! பரிகாரம் செய்யச் சொல்கிறான்; அதற்கும் கடன். அங்கிருந்து போவது ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரனிடம். அவன் கதவில் சிவப்புச் சாயம் அடிக்கிறான். வங்கியின் கடிதத்தைப் படிக்க வெட்கப்பட்டவன், தன் கதவில் எழுதப்பட்டதை ஊரே படிக்க நேர்கிறது. இடையில் மகளின் பூப்புநீராட்டு விழா வந்தால் அதையும் மண்டபம் பிடித்து நடத்துகிறான். நடத்தாவிட்டால் ஊர் சந்தேகப்படுமாம். இவ்வளவும் மனைவிக்குத் தெரியாமல்! வீட்டில் பாதி உரிமை உள்ளவளிடம் "இங்கே கையெழுத்துப் போடு" என்று மட்டும் சொல்கிறான். எதில் கையெழுத்திட்டோம் என்று அறியாத அந்தப் பெண்தான், கடைசியில் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவள். தன் மானத்துக்காக மனைவியின் மானத்தை விற்பது ஆண்மையா?

தோட்டத்துத் தோழர்களுக்கும் சில சொற்கள். நமக்கு நெடுங்காலம் வீடு என்பதே வேலையோடு வந்து வேலையோடு போவது. லயத்தில் பிறந்தோம், ஓய்வு பெற்றதும் லயத்தை ஒழித்துக் கொடுத்தோம். இன்று நம் பிள்ளைகள் நகரத்தில் வீடு வாங்குகிறார்கள். அந்தக் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திடுமாறு மாமனையும் சித்தப்பனையும் கேட்கிறார்கள். மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆதாயம் கருதாமல் ஒருவரது குடியிருப்பு வீட்டுக்கடனுக்கோ, படிப்புக்கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்குரிய வாகனத் தவணைக்கடனுக்கோ பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் தம் சேமிப்பை அழித்தவர்கள் எத்தனை பேர்? அந்நாட்டில் திவாலுக்குரிய குறைந்த கடன் வரம்பும் 1,00,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

வரியையும் பாருங்கள். மலேசியாவில் சிங்கப்பூர்போல் அன்றி, அசையாச் சொத்தை விற்ற ஆதாயத்துக்கு வரி உண்டு. குடிமகன் வாங்கிய 3 ஆண்டுகளுக்குள் விற்றால் நூற்றுக்கு 30. நான்காம் ஆண்டில் 20. ஐந்தாம் ஆண்டில் 15. 2022 முதல், ஐந்தாண்டு கடந்து விற்றால் வரியில்லை. கடன் நெருக்கி, மூன்றாம் ஆண்டில் வீட்டை விற்றவனுக்கு 50,000 ரிங்கிட் ஆதாயம் என்றால், பொதுக் கழிவாகிய 10,000 போக, 40,000-க்கு 12,000 ரிங்கிட் வரி. ஆனால் குடியிருப்பு வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை முழு விலக்குப் பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. எழுதிக் கேட்டவனுக்கு வரியில்லை. வாய் மூடியிருந்தவனுக்கு 12,000 ரிங்கிட்! இந்த 12,000 ரிங்கிட்டை விதி பறித்ததா, சனி பறித்ததா? கேளாமை பறித்தது.

யான் சர்க்காருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. ஒரு குறையை வெளிப்படையாகவே சொல்வேன். சிங்கப்பூரில் திவாலானவரது சொத்தைப் பங்கிடும்போது, தொழிலாளர் சம்பளமும் சேமநிதிச் சந்தாவும் போன்றவற்றுக்குப் பிறகு வரிப்பாக்கி முன்னுரிமை பெறுகிறது. ஏனைய சாதாரணக் கடன்காரர்கள் அதற்குப் பின்னே நிற்க வேண்டும். யார் அந்தச் சாதாரணக் கடன்காரர்கள்? வங்கி மட்டும் அன்று. மாதக் கணக்கில் சாமான் கொடுத்த மளிகைக்கடைக்காரர், வாடகை பாக்கியுள்ள லாரிக்காரர், நம்பிக் கைமாற்றுக் கொடுத்த நண்பர். சர்க்கார் ஒரு பாக்கியை இழந்தால் அதன் கஜானா தாங்கும், மளிகைக்கடைக்காரர் தாங்குவாரா? ஆஸ்திரேலியா 1993-இல் வரிக்குரிய இந்த முன்னுரிமையைச் சட்டத்தின் மூலம் எடுத்துவிட்டது. பிரிட்டன் 2003-இல் எடுத்துவிட்டு, 2020-இல் சில வரிகளுக்கு மட்டும் திரும்பக் கொண்டு வந்தது. எனவே இது மாற்ற முடியாத இயற்கை நியதி அன்று, விவாதித்து மாற்றத்தக்கது. ஆனால் விவாதிக்க வேண்டியவர்களே தங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் ஒளித்து வைத்தால், யார் கேட்பது? வெட்கப்படுகிறவன் குறைகூற முடியாது. வீண் வெட்கத்தினால் நாம் இழக்கும் மிகப் பெரிய பொருள் இந்தக் கேட்கும் உரிமையே.

"இப்படியெல்லாம் எழுதினால் கடன் வாங்கி ஏமாற்றுகிறவனுக்கு வழி காட்டியதாகாதா?" என்று சிலர் கேட்பர். ஏமாற்றுகிறவனுக்கு என் கட்டுரை வேண்டியதில்லை. அவனுக்கு வக்கீலும் கணக்கரும் உண்டு. சட்டத்தின் சந்துபொந்துகள் அவனுக்கு அத்துபடி. சட்டத்தின் நேர்வாயில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறவன் நேர்மையானவனே. அவன்தான் நகையை விற்றுக் கள்ள வட்டி கட்டுகிறான். அவன்தான் தூக்குக் கயிற்றைப் பற்றி நினைக்கிறான். திவால் என்பது முடிவும் அன்று. சிங்கப்பூரில் முதன்முறை திவாலானவர், தமக்கு வகுத்த தொகையை முழுதும் கட்டிவிட்டால், 3 ஆண்டுகளுக்குப் பின் விடுதலை பெறத் தகுதியாகிறார். முழுதும் கட்ட இயலாதவருக்கும் 7 ஆண்டுகளுக்குப் பின் வழி இருக்கிறது. சட்டம் ஏழாண்டில் மன்னிக்கிறது. நம் சமூகமோ ஏழு தலைமுறைக்கு மன்னிக்க மறுக்கிறது. இரண்டில் எது கொடியது என்று நீங்களே சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? ஊர்வலமும் மாநாடும் வேண்டா. நம் சங்கங்களில், படிப்பகங்களில், தோட்டத் தொழிற்சங்கக் கிளைகளில், கோயில் மண்டபங்களிலும் கூட, மாதம் ஒரு மாலை ஒதுக்கப்பட வேண்டும். ஆங்கிலமும் சட்டமும் தெரிந்த இளைஞர் நால்வர் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். உறை கிழிக்காத கடிதங்களை யார் வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். பெயர் கேட்க வேண்டா. கடிதத்தைப் படித்து, தமிழில் சொல்லி, எந்த நாளுக்குள் யாருக்குப் பதில் எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்போன்றோர் தோட்டத்துரைக்குக் கணக்கெழுதுவதோடு நம் கல்வி தீர்ந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. கணவன் வந்தால் மனைவியும் கூட வரட்டும். அவள் கையெழுத்துக்கும் அர்த்தம் வேண்டும்.

என் தமையனுடைய தம்பியின் பெயருக்கு வீடு எழுதப்படவில்லை. அன்றிரவு அந்த 2,64,600 வெள்ளிக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது, உபதேசம் செய்த பெரியவரே, "இது வேண்டாம்" என்று கைகழுவிவிட்டார். கடன் வாங்கித் தலையில் போட்டுக்கொள்ள இருந்த பெருந்தொகை ஒரு தாளினால் தடுக்கப்பட்டது. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த ஆண்டுக்கான அதிக வரி கழிந்தது கழிந்ததுதான். கடிதம் முன்பே பிரிக்கப்பட்டிருந்தால் அதுவும் தப்பியிருக்கும்.

மறுநாள் அவர் என்னைப் படகுத்துறை வரை கொண்டுவந்து விட்டார். ஏறத் தயங்கினேன். "நீ போ, தம்பி. நான் வரும் காலம் வரும், அனுமதி வாங்கிக்கொண்டு வருவேன்" என்றார். அந்தக் குரலில் முந்தின இரவின் நடுக்கம் இல்லை. கடன் அப்படியேதான் இருந்தது; தெளிவு மட்டுமே புதிதாக வந்திருந்தது. தெளிந்த பின் அவரிடம் இருந்த அந்த நிமிர்வையே யான் மானம் என்பேன். மற்றது, நம் பையிலிருந்து நாமே பிடுங்கிக் கொடுக்கும் வரி. அதை ஒழிக்கச் சட்டசபை கூட வேண்டியதில்லை. இன்றிரவே உங்கள் மேசையறையைத் திறந்தால் போதும்.